இரட்டை நெட்வொர்க் இணைப்பு என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

கோவையில் நான் பணிபுரியும் நூற்பாலையின் ஈஆர்பி மென்பொருளுக்காக (ஆலையின் அன்றாட நிர்வாகத்தை நடத்தும் மென்பொருள்), இரண்டு சர்வர்கள் கொண்ட விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டர் (ஒரு சர்வர் பழுதானால் மற்றது வேலையை ஏற்கும் அமைப்பு) அமைத்துத் தரும் வேலையை ஒரு ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு நெட்வொர்க் கார்டு, அவை போய்ச் சேர இரண்டு தனித்தனி ஸ்விட்ச், எது பழுதானாலும் வேலை நிற்காது என்று கொட்டேஷனில் எழுதி, அதற்கான முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டார்கள்.

ஓர் இரவில் அந்த ஸ்விட்சுகளில் ஒன்றின் பவர் சப்ளை பழுதானது. அது ஒன்று போனதற்கே இரண்டு சர்வர்களிலும் கிளஸ்டர் நின்றுவிட்டது. இ-வே பில் எடுக்க முடியாமல், நூல் ஏற்றிய லாரிகள் விடியும்வரை வாசலைத் தாண்டவில்லை.

விண்டோஸ் அப்டேட்டால் வந்த கோளாறு என்றார்கள் ஒப்பந்த நிறுவனத்தார். விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் இவென்ட் லாகில் இருந்தது வேறு: எதிர்ச் சர்வர் கிளஸ்டரிலிருந்து விலக்கப்பட்டதைச் சொல்லும் 1135ஆம் எண் பதிவு, அதையடுத்துக் குவோரம் (கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை ஓட்டு) இழந்து சேவை நின்றதைச் சொல்லும் 1177ஆம் எண் பதிவு. இரு சர்வர்களின் ஓட்டுகளோடு மூன்றாவது ஓட்டாக இருக்க வேண்டிய ஃபைல் ஷேர் விட்னஸும் (நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஒரு ஃபோல்டர்) அதே ஸ்விட்ச் வழியாகவே இணைக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் சர்வர் 2016இன் இயல்பான அமைப்பில், சர்வர்கள் தாம் இயங்குவதாக ஒன்றுக்கொன்று நொடிக்கு ஒன்றாக அனுப்பும் ஹார்ட்பீட் தொடர்ந்து 10 முறை வராவிட்டால் எதிர்ச் சர்வர் இல்லையென்று கிளஸ்டர் முடிவு செய்யும். அந்த 10ஐ 20 ஆக்கிவிட்டு, வந்து போனதற்கும் பில் அனுப்பினார்கள். நெட்வொர்க் சற்றே தடுமாறும் இடத்தில் அது உதவும். பாதையே இல்லாத இடத்தில் எத்தனை நொடி காத்திருந்து என்ன பயன்?

பிறகு நாங்களே சர்வர் பக்கத்தில் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, எந்தப் போர்ட்டின் விளக்கு அணைகிறது என்று பார்த்தோம். ‘ஸ்விட்ச் 2’ என்று லேபிள் ஒட்டிய மஞ்சள் கேபிள்களைக் கழற்றியபோதும் முதல் ஸ்விட்சில்தான் விளக்கு அணைந்தது. இரண்டாவது ஸ்விட்சில் பிரதான ஸ்விட்சுக்குப் போகும் ஒரே ஒரு கேபிளைத் தவிர வேறொன்றும் இல்லை. லேபிள் வரை ஒட்டிவைத்துவிட்டு இதைக் கவனக்குறைவு என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

இது வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. இரு கார்டுகளையும் டீமிங் செய்து (ஒரே இணைப்பாகச் சேர்த்து), அதன்மேல் இரண்டு வி-லேன் (ஒரே இணைப்புக்குள் பிரிக்கப்பட்ட தனித்தனி நெட்வொர்க்) அமைத்திருந்ததால், கிளஸ்டர் மேனேஜரில் இரண்டு நெட்வொர்க்குகள் நலமாக இருப்பதாகவே காட்டியது. கிளஸ்டரின் அமைப்பைச் சோதிக்கும் வேலிடேஷன் அறிக்கையும் பச்சையாகவே வந்தது. கேபிள் எந்த ஸ்விட்சில் முடிகிறது என்பதை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு கேபிளாக மட்டும் கழற்றிக் காட்டினார்கள். ஸ்விட்சை அணைத்துக் காட்டவே இல்லை.

ஆகவே இத்தகைய வேலையைக் கொடுப்பவர்கள், கடைசித் தவணையைத் தருவதற்கு முன், மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு ஸ்விட்சின் மின்சாரத்தையும் தனித்தனியே நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் முடிகிறது என்ற பட்டியலையும் கையெழுத்துடன் வாங்குங்கள்.

இரண்டாவது ஸ்விட்சில் வி-லேன்களை அமைத்து, மஞ்சள் கேபிள்களை அதற்கு மாற்றி, முதல் ஸ்விட்சை அணைத்துப் பார்த்தோம், கிளஸ்டர் நிற்கவில்லை. இதற்காக வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்டு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு அந்த நிறுவனம் இன்றுவரை பதில் தரவில்லை.