இணையத்தில் எழுதியதை ரைட்டருக்குக் கொண்டுவருதல்: நான்கு ஆண்டு அனுபவம்

ஏரி, குளங்களைப் பற்றி ஒரு காலாண்டிதழ் நடத்துகிறோம். ஐந்து பேர், ஐந்து ஊர். எழுதுவதும் திருத்துவதும் இணையத்தில் ஒரே பக்கத்தில் நடக்கும். அச்சுக்கான பக்க அமைப்பு லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற இலவச எழுதுமென்பொருளில். அங்கிருந்து இங்கே கட்டுரையைக் கொண்டுவரும் வேலை நான்கு ஆண்டுகளாக என்னுடையது.

தொடக்கத்தில் பிடிஎஃப் ஆக இறக்கி, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினேன். தமிழில் எழுதுவோர் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். ‘கொ’ என்ற எழுத்து கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாக உதிர்ந்து வந்தது. ஒரு கட்டுரையைச் சீர்செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

அடுத்து, நாங்கள் எழுதும் இணையக் கருவியே இறக்கித் தரும் வேர்ட் கோப்பு. பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் தலைப்பில் ஆங்கிலச் சொல் 14 புள்ளியில் நிமிர்ந்து நிற்க, பக்கத்துத் தமிழ்ச் சொல் சிறுத்துக் கிடக்கும். காரணம் தெரியாமல் பல மாதங்கள் கையால் திருத்தினேன். டாக்எக்ஸ் எனப்படும் இந்த வேர்ட் கோப்பு உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொதி. ஒருநாள் அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. எழுத்தளவை அதில் இரண்டு இடங்களில் குறிக்க வேண்டும்: லத்தீன் எழுத்துக்கு ஒன்று, தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு இன்னொன்று. அரைப்புள்ளிக் கணக்கில் முதல் குறி 28 என்று இருந்தது. இரண்டாவது குறியே இல்லை! கருவியைச் செய்தவர்களுக்கு நம் எழுத்து நினைவுக்கு வரவில்லையே என்று மனம் வலித்தது.

இப்போது மார்க்டவுனாக, அதாவது தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் வெறும் உரைக் கோப்பாக இறக்கி, பான்டாக் என்ற கோப்பு மாற்றி வழியாக ரைட்டருக்கு ஏற்றதாக மாற்றுகிறேன். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. இதன் அருமை, மாதிரிக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் அதன் பாணிகளை அப்படியே ஏற்றுக்கொள்வதில் இருக்கிறது. ரைட்டரின் மொழி அமைப்பில் தமிழைத் தேர்ந்து, அந்த மாதிரிக் கோப்பின் ஒவ்வொரு பாணியிலும் நம் எழுத்துகளுக்கென உள்ள தனிப் பகுதியில் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவையும் அளவையும் வைத்தேன். ஒருமுறை செய்ததுதான், மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு இதழுக்கும் உழைக்கிறது. படங்களும் கோப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

எழுதுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல், தலைப்பு என்றே குறியுங்கள். இல்லையென்றால் பொருளடக்கம் வெறுமையாக வரும். கட்டங்கள் இணைந்த அட்டவணைகளை மார்க்டவுன் தாங்காது. அவற்றை ரைட்டரில் புதிதாகவே போடுகிறேன்.

இணையப் பக்கத்தின் ஓரத்தில் எழுதும் கருத்துரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்க்டவுனில் இறக்கும்போது அவை வருவதில்லை. மூத்த விவசாயி ஒருவர் தம் கட்டுரையின் ஓரத்தில், “கல்லால் கட்டியது மதகு, வயலுக்கு வெட்டிவிடும் வாய் மடை, இரண்டையும் கலக்காதீர்கள்” என்று எழுதியிருந்தார். நான் அதைப் பார்க்காமல் ரைட்டரில் எல்லா மடையையும் மதகாக்கினேன். அப்படியே அச்சாகிவிட்டது. இதழைக் கையில் வாங்கிய அவர் தொலைபேசியில் அழைத்து, “ஏன் தம்பி, நான் எழுதியது வந்து சேரவில்லையா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டோம். அதன் பிறகு, இறக்குவதற்கு முன் கருத்துரைகளை ஒவ்வொன்றாகப் படித்து, எழுதியவர் பெயருடன் கட்டுரையின் அடியில் ஒட்டுகிறேன். கட்டுரைக்கு அரைமணி நேரம் பிடிக்கிறது.