எந்த மாநாட்டுக்கு யாரை அனுப்புவது? மென்பொருள் மேடைகள் குறித்த ஓர் ஒப்பீட்டு அலசல்

பயிற்சிச் செலவுக்கென்று ஒதுக்கிய தொகையை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி, நிதியாண்டு முடியும் நேரத்தில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள நடுத்தர மென்பொருள் நிறுவனங்களில் தவறாமல் எழுகிறது. ஒரு மூத்த பொறியாளரை லாஸ் வேகாஸுக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவில் பத்துப் பேரைப் பெங்களூருக்கு அனுப்பிவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் அனுமதிக் கட்டணத்தையும் விமானச் செலவையும் மட்டும் எதிரெதிரே எழுதிப் பார்த்து முடிவெடுத்தால், தங்க விலையையும் நிலத்தின் விலையையும் ஒப்பிட்டு எது மலிவு என்று கேட்ட கதையாகிவிடும். பேச்சாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், மண்டபத்துக்கு யார் வாடகை கொடுக்கிறார்கள் என்னும் இரண்டும் சேர்ந்துதான் அங்கே எது பேசப்படும், எது பேசப்படாமல் விடப்படும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: "இதைச் செய்து பார்த்தோம், சரிவரவில்லை" என்று ஒருவர் எழுந்து சொல்வதற்கு அந்த மேடை எவ்வளவு இடம் கொடுக்கிறது?

அமேசானின் கிளவுட் பிரிவு 2012 முதல் லாஸ் வேகாஸில் நடத்திவரும் ஏ.டபிள்யூ.எஸ். ரீஇன்வென்ட் மாநாட்டையும், ஆய்வுலகம் ஆண்டுதோறும் ஊர் ஊராகக் கொண்டு செல்லும் ஐ.சி.எஸ்.இ. எனப்படும் சர்வதேச மென்பொருள் பொறியியல் மாநாட்டையும் முதலில் அருகருகே வைத்துப் பார்க்கலாம். (பிள்ளைகளின் பள்ளிப் பாடத்திட்டமும் இதே எழுத்துகளால் அழைக்கப்படுவதால், விடுப்பு விண்ணப்பத்தில் முழுப்பெயரை எழுதுவது நல்லது.) முன்னதில் 2024-ஆம் ஆண்டுக்கான முழு அனுமதிக் கட்டணம் 2,099 டாலர், அதாவது அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். அங்கே வெளியாகும் அறிவிப்புகள் தொழிலின் போக்கையே மாற்றியிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. சர்வரை நாமே பராமரிக்காமல் நிரலை ஓடவைக்கும் முறையை, சர்வர்லெஸ் என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுவதற்கு வழி திறந்த லாம்டா சேவை 2014-இல் அந்த மேடையில்தான் அறிமுகமானது. எனினும், தொடக்க உரைகள் இணையத்தில் நேரலையாகவே ஒளிபரப்பாகின்றன. விரிவுரைகளின் பதிவுகள் சில நாட்களுக்குள் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. அறிவிப்பைக் கேட்பதற்காக மட்டும் ஒருவர் அங்கே போவாரானால், தரமணி அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கக் கூடிய ஒன்றைப் பார்ப்பதற்காக அவர் கடல் கடந்திருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்த மேடையில் வாடிக்கையாளர் நிறுவனங்களும் பேசுகின்றன. அவற்றுள் சில உரைகள் மிகச் சிறந்தவை. ஆனால் மேடையும் ஒலிபெருக்கியும் பொருளை விற்பவருடையவை. அதனால் தோல்வி என்பது அங்கே எப்போதும் இறந்த காலத்தில், அந்தச் சேவையை வாங்குவதற்கு முன் நிகழ்ந்த ஒன்றாகவே வரும். வணிக மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸ் 2003 முதல் சான் பிரான்சிஸ்கோவில் நடத்தும் டிரீம்ஃபோர்ஸுக்கும், அதே துறையைச் சேர்ந்த எஸ்.ஏ.பி. 2023-இல் பெங்களூரில் நடத்திய டெக்எட் நிகழ்வுக்கும் இது பொருந்தும். இதைக் குறையாகச் சொல்லவில்லை; துணிக்கடைக்காரர் தம் துணி சாயம் போகும் என்று தாமே சொல்வார் என எதிர்பார்ப்பவர் கடையை விட்டுத் தம்மைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

ஐ.சி.எஸ்.இ. இதற்கு நேர் எதிர்த் திசையில் இயங்குகிறது. 1975-இல் வாஷிங்டனில் தொடங்கிய அந்த வரிசையில், சக ஆய்வாளர்கள் படித்து மதிப்பிட்டுத் தேர்ந்த கட்டுரைகளே மேடையேறுகின்றன. சமர்ப்பிப்பதற்கும் மேடையேறுவதற்கும் இடையே பல மாதங்கள் கடந்துவிடும். சோதனை வழிப்பட்ட கட்டுரைகளில், தம் முடிவு எந்தெந்தச் சூழலில் செல்லாமல் போகலாம் என்று ஆசிரியர்களே பட்டியலிடும் ஒரு பகுதி இருப்பது வழக்கம். எந்த விற்பனை மேடையிலும் காண முடியாத அந்த ஒரு பகுதிக்காகவே நான் அக்கட்டுரைகளைப் பின்னாலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அந்த மாநாடு வழங்கும் மிகவும் செல்வாக்குப் பெற்ற கட்டுரை என்னும் விருது, பத்து ஆண்டுகளுக்கு முன் அதே மாநாட்டில் வெளியான கட்டுரைக்குத்தான் கொடுக்கப்படுகிறது. காலையில் அறிவித்ததை மாலைக்குள் புரட்சி என்று அழைத்துவிடும் மேடையையும், ஒரு கட்டுரை நின்றதா விழுந்ததா என்று பார்க்கப் பத்தாண்டு காத்திருக்கும் மேடையையும் ஒரே சொல்லால் மாநாடு என்று அழைப்பது நம் மொழியின் பெருந்தன்மை.

அதற்காக ஆய்வு மாநாடே உயர்ந்தது என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. ஆய்வாளர்களின் கைக்கு எளிதில் எட்டுவது, யாரும் பார்க்கும்படி பொதுவில் வைக்கப்பட்ட திறந்த மூல நிரல்களின் வரலாறு. வங்கிக் கணக்கு மென்பொருளோ, இருபது ஆண்டுகளாக ஒட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருக்கும் சம்பளப் பட்டியல் மென்பொருளோ அவர்களுக்குக் கிடைப்பது அரிது. ஆகவே அங்கே தோல்வி நேர்மையாகச் சொல்லப்பட்டாலும், அது பெரும்பாலும் நம்முடைய தோல்வியாக இருப்பதில்லை. இந்த இடைவெளியைக் குறைப்பதற்கென்று தொழில் நடைமுறைக்கான தனிப் பிரிவு ஒன்றை அம்மாநாடு வைத்திருக்கிறது. நிறுவனத்திலிருந்து செல்பவர் முதலில் அதன் நிகழ்ச்சி நிரலைத்தான் பார்க்க வேண்டும். மாநாடு 2014-இல் ஹைதராபாத்துக்கு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், 2008 முதல் நடந்துவரும் ஐசெக் என்னும் இந்திய மென்பொருள் பொறியியல் மாநாடு சென்னையில் நடந்தது. அளவிலும் புகழிலும் ஐசெக் சிறியதுதான் என்றாலும், கட்டுரை எழுதியவரோடு தேநீர் குடித்துக்கொண்டே அரை மணி நேரம் வாதாடுவதற்கு அதுவே வசதியானது.

ஆராய்ச்சியாளரும் விற்பவரும் பயன்படுத்துபவரும் தனித்தனிக் கூரைகளின் கீழ் பிரிந்துபோனது பிற்காலத்தில் நடந்தது. மென்பொருள் பொறியியல் என்ற பெயரையே நிலைநிறுத்திய 1968 அக்டோபர் கூட்டத்தில், ஜெர்மனியின் கார்மிஷ் நகரில், பல்கலைக்கழகத்தாரும் கணினி தயாரிப்பாளர்களும் பயனர்களுமாக ஏறத்தாழ ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். நேட்டோவின் அறிவியல் குழு கூட்டிய அந்தக் கூட்டத்தின் பேசுபொருளே, பெரிய மென்பொருள்கள் ஏன் குறித்த நாளில் முடிவதில்லை, முடிந்தாலும் ஏன் ஒழுங்காக ஓடுவதில்லை என்பதுதான்.

அந்தக் கலப்பின் சாயல் இன்று ஓரளவு எஞ்சியிருப்பது, பணியில் இருப்பவர்களே பேசும் தொழில்முறை மாநாடுகளில். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 1996-இல் ஜாவூ என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் கோட்டூ ஆன வரிசையும், 2007 முதல் லண்டனில் நடக்கும் கியூகானும் இந்த வகையைச் சேர்ந்தவை. இந்த வகையின் வலிமைக்கு 2009 ஜூன் மாதம் சான் ஹோசேயில் நடந்த வெலாசிட்டி மாநாடு நல்ல சான்று. புகைப்படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கர் நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும், ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் நிரலை வெளியிடுகிறோம் என்று அங்கே விளக்கினார்கள். நேரில் போக முடியாமல் பெல்ஜியத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்த பாட்ரிக் டெப்வா, அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் கெண்ட் நகரில் டெவ்ஆப்ஸ்டேஸ் என்ற பெயரில் தாமே ஒரு கூட்டத்தைக் கூட்டினார். நிரல் எழுதுவோரும் அதை ஓட வைப்போரும் எதிரெதிர் முகாம்களாக இருந்த நிலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய அந்தக் கூட்டத்தின் பெயரிலிருந்தே, இன்று வேலை விளம்பரம் தோறும் காணப்படும் டெவ்ஆப்ஸ் என்ற சொல் பிறந்தது.

ஆனால் தொழில்முறை மேடையின் நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு. பேசுபவர் இன்னொருவரிடம் சம்பளம் வாங்குபவர். அவருடைய ஸ்லைடுகளைப் பல இடங்களில் சட்டப் பிரிவும் விளம்பரப் பிரிவும் பார்த்த பிறகே அனுமதிக்கின்றன. அதனால் அங்கே கேட்கக் கிடைக்கும் தோல்வி, வெற்றியில் முடிந்துவிட்ட தோல்வியாகவே இருக்கும். இன்னும் முடியாத சிக்கலில் மாட்டிக்கொண்டிருப்பவர் மேடையேறுவதில்லை. டெவ்ஆப்ஸ்டேஸ் இதற்குக் கண்டுபிடித்த மாற்று எனக்கு மிகவும் பிடித்தது: காலையில் உரைகள், பிற்பகலில் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் இல்லாத, ஓபன் ஸ்பேஸ் எனப்படும் திறந்த அமர்வுகள். யார் வேண்டுமானாலும் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி ஒட்டலாம். அக்கறை உள்ளவர்கள் நாற்காலியை வட்டமாகப் போட்டுக்கொள்ளலாம். தமக்குப் பயனில்லை என்று தோன்றினால் எழுந்து அடுத்த வட்டத்துக்குப் போவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. மேடையும் ஒளிப்பதிவும் இல்லாத அந்த வட்டத்தில்தான், "எங்கள் தரவுத்தள மாற்றம் பாதியில் நிற்கிறது" என்று ஒருவர் வாய் திறப்பார்.

நீடித்து நிற்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெலாசிட்டியை நடத்திய ஓரைலி நிறுவனம் 2020 மார்ச்சில் நேரடி மாநாட்டுத் தொழிலையே நிரந்தரமாகக் கைவிட்டது. அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களின் கையில் இருந்த டெவ்ஆப்ஸ்டேஸ் பெருந்தொற்றுக்குப் பிறகும் தொடர்கிறது.

பயிலரங்கு என்று வரும்போது, ஒப்பிடுவதற்கு முன் அந்தச் சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் பொறியியல் மாணவருக்கு ஒர்க்‌ஷாப் என்றால் முதலாண்டில் இரும்பை அரம் போட்டுத் தேய்த்த கூடம், அல்லது இரண்டு நாள் சொற்பொழிவின் முடிவில் சான்றிதழ் தரும் நிகழ்ச்சி. கிளவுட் நிறுவனத்துக்கோ, மடிக்கணினியோடு உட்கார்ந்து அவர்களுடைய சேவையை இயக்கிப் பார்க்கும் இரண்டு மணி நேரம். ஆய்வாளருக்கு அது, மாநாட்டை ஒட்டி நடக்கும், இன்னும் முதிராத கருத்துகளுக்கான சிறு கூட்டம். நிரல் சேமிப்பகங்களின் வரலாற்றைத் தோண்டி ஆராயும் எம்.எஸ்.ஆர்., 2004-இல் எடின்பரோவில் ஐ.சி.எஸ்.இ.-யை ஒட்டிய ஒரு பயிலரங்காகத் தொடங்கி, பின்னர் தனி மாநாடாகவே வளர்ந்துவிட்டது.

இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது, மென்பொருள் வடிவமைப்பு முறைகளை எழுதுவோருக்காக 1994-இல் இல்லினாயில் தொடங்கிய பிளாப் மாநாட்டின் எழுத்தாளர் பயிலரங்கு. முதலில் ஒவ்வொரு கட்டுரைக்கும் அனுபவம் உள்ள ஒருவர் துணை நின்று, ஆசிரியரைத் திருத்தி எழுத வைக்கிறார். பின்னர், கட்டுரையை முன்பே படித்து வந்த சக எழுத்தாளர்கள் வட்டமாக அமர்ந்து, அதில் எது நன்றாக இருக்கிறது, எதை மாற்றலாம் என்று தங்களுக்குள் பேசுவார்கள். எழுதியவர் அதே அறையில் இருந்தும் வாய் திறக்கக் கூடாது. நம் பழைய அரங்கேற்ற மரபில் அவையோர் தடை எழுப்ப, புலவர் விடை சொல்ல வேண்டும். இங்கே தடை உண்டு, விடைக்கு அனுமதி இல்லை. தாம் எழுதாமல் மனத்திலேயே வைத்துக்கொண்டு, எழுதிவிட்டதாக நம்பிய பகுதி எது என்பது அந்த மௌனத்தில்தான் தெரியவருகிறது. இதைவிடக் கடுமையான பயிற்சி மென்பொருள் உலகில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதே வேளையில், எழுதிய கட்டுரை ஒன்றும் கையில் இல்லாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சமூகம் நடத்தும் மாநாடுகளைக் கடைசியில் வைத்தது அவை மலிவானவை என்பதற்காக இல்லை. ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாகக் கட்டி எங்கும் ஓடவைக்கும் கன்டெய்னர் தொழில்நுட்பத்தை உலகெங்கும் பரப்பிய டாக்கர், 2013 மார்ச்சில் பைத்தான் நிரல்மொழிச் சமூகத்தின் மாநாடான அமெரிக்கப் பைகானில் சாலமன் ஹைக்ஸ் அளித்த ஐந்து நிமிட மின்னல் உரையில்தான் முதன்முதலில் பொதுவெளிக்கு வந்தது. பெரிய நிறுவன மேடை எதிலும் அன்று அதற்கு இடம் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்தியப் பைகான் 2009-இல் பெங்களூரில் தொடங்கியது. 2019-இல் சென்னைக்கு வந்தது. இங்கே உரைகளின் தரம் சீராக இருக்காது. அடுத்தடுத்த அமர்வுகளில் அருமையான ஒன்றும் சலிப்பூட்டும் ஒன்றும் வரலாம். ஆனால் உரைகள் முடிந்த பின் ஸ்பிரின்ட் என்ற பெயரில் கூடி நிரல் எழுதும் அமர்வுகளில், தாம் நாள்தோறும் பயன்படுத்தும் நிரல் நூலகத்தைப் பராமரிப்பவரின் அருகிலேயே உட்கார்ந்து பிழை திருத்தலாம்.

இனி, யாரை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்களுக்குச் சென்னைப்பை என்னும் பைத்தான் பயனர் குழுவின் மாதாந்தரச் சந்திப்பு போதும். அங்கே ஐந்து நிமிடம் பேசிப் பழகிய பிறகு இந்தியப் பைகானுக்கு அனுப்பலாம். ஒரு சிக்கலில் ஆறு மாதமாக உழன்றுகொண்டிருக்கும் குழுவிலிருந்து, ஒருவரைத் தனியாக அனுப்பாமல் இரண்டு பேரைத் திறந்த அமர்வுகள் உள்ள தொழில்முறை மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆய்வு மாநாட்டுக் கட்டுரைகளை அலுவலகத்தில் மாதம் ஒன்றாகப் படித்து விவாதிக்கலாம். மாநாடு இந்தியாவுக்கு வரும் ஆண்டில் நேரில் போகலாம். லாஸ் வேகாஸ் பயணத்தை, ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் கிளவுட் சேவைக்கு மாதந்தோறும் பெருந்தொகை கட்டிவருபவர்கள் மட்டுமே யோசிக்கலாம். அப்படிப் போகிறவர் விரிவுரைகளை விட்டுவிட்டு, ஒளிப்பதிவு செய்யப்படாத வெண்பலகை உரையாடல்களுக்கும் செய்முறை அமர்வுகளுக்கும் இருக்கை பதிவு தொடங்கும் நாளிலேயே இடம் பிடித்துவிட வேண்டும். அமர்வுகள் ஒன்றுக்கொன்று தொலைவான விடுதிகளில் நடப்பதால், ஒரு நாளின் அமர்வுகளை ஒரே கட்டடத்துக்குள் அமைத்துக்கொள்ளாவிட்டால் பாதி நாள் பேருந்திலேயே கழிந்துவிடும்.