குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தவர்கள்: முத்தியால்பேட்டை அனுபவம்

வீட்டின் பின்பக்கம் ஒரு அறையும் குளியலறையும் கூட்டிக் கட்டத் திட்டம். பக்கத்து வீட்டுக் கழிவுநீரும் எங்கள் தோட்டத்துக்கு அடியில்தான் தெரு பாதாள சாக்கடைக்குப் போகிறது. பழைய 6 அங்குலப் பீங்கான் குழாய். "அது மேலேயே கடைக்கால் போட்டுடலாம் சார்" என்றார் மேஸ்திரி. என் மனைவி ஒத்துக்கொள்ளவே இல்லை.

அப்புறம்தான் கேமரா ஆட்களை அழைத்தோம். வேலை சுத்தம். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு கேமராவை இறக்கினார்கள். வேப்பமர வேர் ஒரு இணைப்பு வழியாக நுழைந்து தாடி மாதிரித் தொங்கியது! குழாயின் தடத்தைத் தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, ஆழத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்து இன்ஜினியர் வரைபடத்தில் சுவரைத் தள்ளிப் போட்டார். புது அறைக்குள் சிக்கவிருந்த சேம்பரையும் (அடைப்பெடுக்க மூடி வைத்த தொட்டி) வெளியே கொண்டுவந்தார். அடைத்துக்கொண்டால் படுக்கையறையிலா மூடியைத் திறப்பது? புது 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி வாட்டம் (சரிவு) வைத்திருக்கிறோம்.

வீடியோவைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அக்கா, வேர் புகுந்த இடத்தை மாற்றப் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். எனக்கு அதுவே பெரிய லாபம்.

குறை என்றால், காலையில் வருவதாகச் சொல்லி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து மூடியைத் திறந்தார்கள். ரசீதும் கேட்டால்தான் வரும். 5க்கு 4.