சுங்கை சிப்புட்டில் ஸ்கேனரைப் பேச வைத்த தங்கச்சி

இந்த முறை மெல்பர்னிலிருந்து ஊருக்கு வந்ததே தாத்தாவின் காகிதங்களைப் பத்திரப்படுத்தத்தான். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்துச் சம்பளச் சீட்டுகள், லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வாசலில் எடுத்த இரண்டு படங்கள், அப்புறம் 1960-ல் மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா சேர்ந்தபோது கொடுத்த பங்குப் புத்தகம். மடித்த இடமெல்லாம் விட்டுப்போய், தொட்டால் உதிர்கிறது. தாளை உள்ளே இழுக்கிற மெஷினில் இதை விட முடியாது, கண்ணாடி மேல் வைத்து எடுக்கிற ஸ்கேனர்தான் வேண்டும். அப்பாவிடம் பழசு ஒன்று இருந்தது.

என் லேப்டாப்பில் செருகினால் ஸ்கேனரில் விளக்கு எரிகிறது, ஆனால் லேப்டாப்புக்கு அது தெரியவே இல்லை. ஈப்போவில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பையிலிருந்து எடுக்கக்கூட விடவில்லை, "பழசுண்ணே, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் நம்ம டவுன் போட்டோஸ்டாட் கடையில் இருந்த தங்கச்சி கேட்ட முதல் கேள்வியே, "அண்ணே, எதுல சொருகுறீங்க?" ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்குகிற ஹப்பில்தான், மவுஸும் பென்டிரைவும் அதிலேயே. இந்த மாதிரி ஸ்கேனருக்குத் தனி மின்வயர் கிடையாது, யூஎஸ்பி கேபிளில் வருகிற மின்சாரத்தில்தான் ஓடும். யூஎஸ்பி 2.0 துளை ஒன்றுக்கு 500 மில்லிஆம்பியர்தான் கணக்கு, அதையும் ஹப்பில் நாலு பேர் பங்கு போட்டால் விளக்கு எரியும், வேலை நடக்காது. குட்டையான கேபிள் ஒன்றை எடுத்து நேராக லேப்டாப்பில் செருகினார். லேப்டாப்பில் இணைத்ததையெல்லாம் பட்டியல் போடுகிற டிவைஸ் மேனேஜரில் ஸ்கேனர் பெயர் வந்தது, பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு.

"கரண்டு சரியாயிடுச்சு, இனி டிரைவர்தான்."

டிரைவர் என்றால் ஸ்கேனரோடு விண்டோஸைப் பேச வைக்கிற மென்பொருள். பெட்டியோடு வந்த சிடியில் இருந்தது 32-பிட் டிரைவர், என் விண்டோஸ் 64-பிட், அது ஏற்காது. ஸ்கேனரைக் கவிழ்த்து, அழிந்துபோன ஒட்டுத்தாளில் டார்ச் அடித்து மாடல் எண்ணைப் படித்தார். கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த மஞ்சள் பதிவை நீக்கி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து 64-பிட் டிரைவரை இறக்கிப் போட்டு, அது செருகச் சொன்ன பிறகுதான் செருகினார். அப்போதும் ஸ்கேன் திரையில் எதுவும் வரவில்லை. சளைக்கவில்லை அவர். விண்டோஸின் பின்னணியில் ஓடுகிற வேலைகளைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன்' நின்றுபோயிருந்தது. அது ஓடாவிட்டால் டிரைவர் சரியாக இருந்தும் விண்டோஸின் ஸ்கேன் செயலிக்கு ஸ்கேனர் கண்ணில் படாது. அதை ஓடவிட்டு, இனி தானாகவே தொடங்கும்படி மாற்றியதும் கிர்ரென்று சத்தம்!

உடனே தாத்தா புத்தகத்தை வைக்கவில்லை. கடை ரசீது ஒன்றை வைத்துப் பார்த்தார், லேப்டாப்பை அணைத்துப் போட்டு மறுபடி பார்த்தார், கண்ணாடியைத் துணியால் துடைத்தார். அதற்கப்புறம்தான் என்னையே பக்கத்தைப் பிரித்து வைக்கச் சொன்னார். 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், தாத்தாவின் கைநாட்டு, ரேகை ரேகையாக. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கூலி 20 வெள்ளி (ரிங்கிட்), கேபிளுக்கு 8.