வாடகைக்கு விட்ட பிளாட்: பத்து வருடத்தில் எது தாங்கும், எது படுத்தும்

சென்னைப் புறநகரில் 900 சதுர அடி, இரண்டு படுக்கையறை பிளாட். சொந்தக்காரர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ. "மாசம் பொறந்தா வாடகை அக்கவுண்ட்ல விழும், உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல" என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட பிளாட்டுகளை விற்கிறார்கள். பத்து வருடம் வாடகைக்கு ஓடிய வீட்டைத் திறந்து பார்த்தால் வேலை நிறையவே இருக்கும். அதில் முக்கால்வாசி தண்ணீர் வேலை.

முதலில் கழிப்பறையில் தொங்கும் ஹெல்த் ஃபாசெட். வீட்டிலேயே மலிவான சாமான் அதுதான், பெரிய சேதத்தைக் கொண்டுவருவதும் அதுதான். பெரும்பாலும் யாரும் சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை, அதாவது அதற்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வை, மூடுவதில்லை. கைப்பிடியை விட்டால் தண்ணீர் நின்றுவிடுகிறதே என்று அப்படியே மாட்டிவிடுகிறார்கள். இதனால் மேல்நிலைத் தொட்டியின் அழுத்தம் முழுவதும் இரவும் பகலும் அந்தச் சின்ன குழாயின் மேலேயே நிற்கும். வருடங்கள் போனால் உள்ளே இருக்கும் ரப்பர் தளர்ந்து, முனையில் உள்ள இணைப்பு ஒருநாள் தெறிக்கும். அன்று வீட்டில் ஆள் இருந்தால் தரையைத் துடைத்து முடித்துக்கொள்ளலாம். ஊருக்குப் போயிருந்தால் கீழ் வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். எஃகு பின்னல் போட்ட குழாயை வாங்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உடையாமலேயே மாற்றிவிடுங்கள்.

அந்த ஆங்கிள் காக்கும் கவனிக்க வேண்டியதுதான். போர் தண்ணீரில் உப்பு அதிகம். நான்கைந்து வருடம் திருப்பாமலே கிடந்தால் உப்புப் படிந்து இறுகிவிடும். அப்புறம் ஒரு குழாயை மாற்ற வீட்டுக்கே வரும் லைனை மூட வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மூடித் திறந்து வைத்தால் போதும். தண்ணீர் மெலிதாக வருகிறது என்று புகார் வந்தால், பிளம்பரை அழைக்கும் முன் குழாய் நுனியில் உள்ள வலையைக் கழற்றி வினிகரில் ஊறப்போடச் சொல்லுங்கள்.

கீசரில் உப்பு வேறு மாதிரி வேலை செய்யும். ஹீட்டிங் காயிலில் படியும் சுண்ணாம்பு சூட்டைத் தண்ணீருக்கு விடாது. காயில் தானே சூடேறிக் கருகும். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி தொட்டிக்குப் பதில் தான் அரித்துப்போவதற்கென்றே வைத்தது. அது தீர்ந்த பிறகு தொட்டி ஓட்டையாகும். வருடத்துக்கு ஒரு சர்வீஸ், கம்பி தேய்ந்திருந்தால் மாற்றம். இதைச் செய்யும் வீடுகளில் கீசர் கூடுதல் காலம் ஓடும்.

கீழ் வீட்டில் இருந்து "எங்க பாத்ரூம் சீலிங் ஒழுகுது" என்று போன் வந்ததும் டைல்ஸை உடைக்க ஆள் அனுப்பாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரத்துணியைச் சுருட்டி, தரை டிராப்பை (தண்ணீர் இறங்கும் துளை; உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கி சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும்) இறுக அடைக்கவும். ஒரு அங்குலம் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 24 மணி நேரம் விடவும். மட்டம் இறங்கி கீழே ஈரம் பரவினால் கோளாறு தரையில். பெரும்பாலும் டைல்ஸ் இடுக்கு. ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டு, பழைய இடுக்குப் பூச்சைச் சுரண்டி, எபாக்ஸி என்ற நீர் புகாத பூச்சை நிரப்பிப் பாருங்கள். மட்டம் இறங்காமல், குளிக்கும்போது மட்டும் ஒழுகினால் டிராப்போ கழிவுக் குழாய் இணைப்போ. வீடு காலியாக இருக்கும்போதும் ஈரம் காயவில்லை என்றால் சுவருக்குள் ஓடும் சப்ளை லைன். மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. சோதிக்காமல் உடைக்கிறவர் மூன்று செலவையும் செய்வார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளியலறைக்கு மரக்கதவு வேண்டாம், அடிப்பகுதி ஊறி உப்பிவிடும். பி.வி.சி. அல்லது டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) போடுங்கள். சிங்க்குக்குக் கீழே மடிப்பு மடிப்பாக வரும் வேஸ்ட் பைப்பின் மடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், கரப்பானும் வரும். வழவழப்பான பைப்பே மேல். சுவர் முழுக்க ஒரே வெளிர் நிறம், கழுவக்கூடிய எமல்ஷன். நிற எண்ணை எழுதி வைத்து, ஒரு லிட்டர் மீதியையும் பத்திரப்படுத்தினால் அடுத்த முறை ஒரே ஒரு சுவரைப் பூசித் தப்பிக்கலாம். ஏசி வாங்கிக் கொடுக்காதீர்கள், பாயின்ட் மட்டும் கொடுங்கள்: தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 4 சதுர மில்லிமீட்டர் மின்கம்பி. மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டை வாடகைக்கு விடவே கூடாது. இதில் சிக்கனம் பார்க்க இடமில்லை.

ரிப்பேர் யார் செலவு என்ற வாக்குவாதத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை இதைப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டட ரிப்பேர், வெள்ளையடித்தல், குழாய் லைன் மாற்றம், வயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, அடைப்பெடுப்பது, ஏன் கீசர் ரிப்பேர்கூட வாடகைதாரருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம். கீசர் விஷயத்தை மட்டும் உரிமையாளர் ஏற்பதே நல்லது. வாடகைதாரர் ஓட்டைக் கீசரைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார், பின்னால் சுவரே ஊறிவிடும்.

பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைப்பது பழைய பழக்கம். இப்போது எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. ஊர் வழக்கம் அதற்கு மேலே போகும். எவ்வளவு வாங்கினாலும் அது நம் பணம் அல்ல, வைப்பு நிதியில் தனியாக இருக்கட்டும். "கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்" என்பதற்கு இடமில்லை என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்படிக் கழிக்க ஒப்புக்கொண்டால், வீட்டைத் திரும்பப் பெறும் நாளில் கையில் பிடிமானம் இருக்காது.

இனி பணக்கணக்கு. 80 லட்ச ரூபாய் பிளாட், 22,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம், அசோசியேஷன் மாதக் கட்டணம் வாடகைதாரர் தலையில். வருடத்துக்கு 2,64,000. வாடகைதாரர் மாறினால் ஒரு மாதம் காலி 22,000, புரோக்கருக்கு 22,000, பெயிண்டும் சில்லறை வேலையும் 30,000. பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்தாலும் நிகரமாக 52,000 போகும். இரண்டு வருடத்துக்கு ஒருவர் மாறினால் வருடச் சராசரி 26,000. வீட்டு வரி 5,000, ரிப்பேர் 12,000, பெரிய வேலைகளுக்கு ஒதுக்கீடு 15,000. மீதி 2,06,000, அதாவது 2.6 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே, வருமான வரிக்கு முன்னால். இந்தக் கணக்கில் பெரிய எண் எது என்று பாருங்கள். ரிப்பேர் இல்லை, ஆள் மாறுவதுதான். மாதம் 1,500 கூட்டிக் கேட்டு நல்ல குடும்பத்தைக் காலி செய்ய வைத்தால், அந்த 52,000-ஐத் திரும்ப எடுக்க ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். ஒழுங்காக வாடகை கொடுத்து, ஒழுகலை அன்றைக்கே சொல்லும் வாடகைதாரருக்கு உயர்வை ஒரு வருடம் தள்ளிவைப்பது லாபக் கணக்குதான்.

வரியில் இரண்டு விஷயம் அடிக்கடி தப்பாகிறது. வாடகையில் இருந்து, அந்த வருடம் நீங்களே கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பில் எதுவும் இல்லாமலே கழிவு கிடைக்கும். அதற்கு மேல் பெயிண்ட், பிளம்பர் பில்லைக் காட்டித் தனியாகக் கழிக்க முடியாது. இரண்டாவது, உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதானாலும் வாடகைதாரரே 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். துபாயில், சிங்கப்பூரில் இருப்பவர்கள் இதைச் சொல்லாமலே வீட்டை விடுகிறார்கள். நோட்டீஸ் வாடகைதாரருக்குத்தான் போகும்.

வீடு காலியானதும் செய்ய வேண்டியவை. புறப்படுபவரை வைத்துக்கொண்டே மின் மீட்டரையும் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, இருவருக்கும் அனுப்பவும். உள்ளே வரும் தண்ணீர் வால்வை மூடவும். கீசர் எம்.சி.பி.யை இறக்கவும். ஆளில்லாத வீட்டில் டிராப் தண்ணீர் வற்றி சாக்கடை நாற்றம் ஏறும், வீடு பார்க்க வருபவர் வாசலோடு திரும்பிவிடுவார். ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு மக் தண்ணீர், அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய். எண்ணெய் மிதந்து மூடிக்கொள்வதால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுப்பவர்கள், வாரத்துக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்து மூடவும் சொல்லி வையுங்கள்.