பழைய மேக் பிளாப்பியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"எந்த பிளாப்பியா இருந்தாலும் காப்பி பண்ணித் தர்றோம்" என்று சொன்ன ஒரு கடையில் மேகிண்டாஷ் பிளாப்பிகள் கொடுத்தோம். "பூஞ்சை பிடிச்சிருக்கு, ஒண்ணும் வரலை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். காசும் வாங்கிக்கொண்டார்கள்.

பூஞ்சை இல்லை. அவற்றை விண்டோஸில் போட்டால் 730,112 பைட் காலி இடம் என்று காட்டுகிறது. 720கே டாஸ் (பழைய பிசி முறை) ஃபார்மேட் போட்ட புதுத் தட்டு காட்டுகிற எண் அது. மேக் பிளாப்பி தானாக அப்படி மாறவே மாறாது. யூஎஸ்பி பிளாப்பி டிரைவில் செருகி, "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டதும் சரி என்று அழுத்தி அழித்திருக்கிறார்கள். பிறகு பூஞ்சை மேல் பழி.

கொடுக்கும் முன் பிளாப்பியின் மூலைகளைப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் 400கே அல்லது 800கே மேக் தட்டு. அதில் தரவு வட்ட வட்டத் தடங்களாக இருக்கும். வெளித் தடத்தில் 12 செக்டர் (தரவுத் துண்டு), உள்ளே போகப் போக 8. அதற்கேற்ப மேக் டிரைவ் சுழலும் வேகத்தை மாற்றும். எழுதும் குறிமுறையும் வேறு. யூஎஸ்பி டிரைவுக்கு இது எதுவும் புரியாது. எத்தனை முறை செருகினாலும் வராது. அமிகா என்ற பழைய கணினியின் 880கே தட்டுக்கும் இதே கதிதான்.

இரண்டு மூலையிலும் ஓட்டை என்றால் 1.44 எம்பி. அதை யூஎஸ்பி டிரைவிலேயே இமேஜ் (முழுத் தட்டையும் அப்படியே ஒரே கோப்பாக நகல்) எடுக்கலாம். ஆனால் விண்டோஸ் அதையும் ஃபார்மேட் செய்யத்தான் கேட்கும்.

எதுவானாலும், பின்பக்கத்துச் சின்ன பிளாஸ்டிக் தாழை நகர்த்தி ஓட்டை திறந்து வெளிச்சம் தெரியும்படி வைத்துக் கொடுங்கள். அப்போது கை தவறி அழுத்தினாலும் எழுதாது.

கடையில் கேட்க வேண்டியது: "கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ், ஆப்பிள்சாஸ் இதில் ஏதாவது இருக்கா?" இவை பழைய பிளாப்பிகளைப் படிக்கும் கருவிகள். இல்லையென்றால் 800கே தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இருந்தால், கோப்புகளைப் பென் டிரைவில் போட்டுத் தருவதை ஏற்காதீர்கள். முழு இமேஜ் கேளுங்கள். 800கே தட்டுக்கு 819,200 பைட், 1.44க்கு 1,474,560 பைட் இருக்க வேண்டும். அந்தக் கால மேக் எழுத்துருக்கள் ரிசோர்ஸ் ஃபோர்க்கில் (மேக் கோப்பின் தனி இரண்டாம் பகுதி) இருப்பவை. பென் டிரைவுக்குச் சாதாரணமாக நகலெடுத்தால் 0 பைட் ஆகிவிடும். எழுத்துரு போனால் யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் கட்டுரை முழுக்கக் குப்பை எழுத்தாகத்தான் தெரியும்.

ஏற்கெனவே ஃபார்மேட் ஆகிவிட்டதா? 800கே என்றால் போனதுதான். 1.44இல் குவிக் ஃபார்மேட் (மேலோட்டமான ஃபார்மேட்) மட்டும் என்றால் முதல் 33 செக்டர்தான் அழிந்திருக்கும், மீதி 2,847 அப்படியே இருக்கும். புதிதாக எதையும் எழுதாமல் உடனே இமேஜ் எடுங்கள்.