தேநீரைத் தடிப்பாக்க மாவா, சாந்தன் கம் தூளா?

டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற தசை அழற்சி நோய் என் அக்காவுக்கு முதலில் தொடைகளிலும் தோள்களிலும் தெரிந்தது. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிவீட்டின் படிகளில் பாதியில் நின்றுவிடுவார். விழுங்குவதில் சிரமம் அதற்குப் பின்னரே வந்தது. தேநீர் குடித்தால் இருமுவார், சில வேளைகளில் அது மூக்கு வழியாகவும் திரும்பி வரும். பேரியம் கலந்த பானத்தை விழுங்கச் செய்து எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த பேச்சு மொழிச் சிகிச்சையாளர், தடித்த பானம் மெதுவாக இறங்குவதால் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும் வாய்ப்பு குறையும் என்று, நீராகாரம் அனைத்தையும் இரண்டாம் நிலைத் தடிப்பில் (IDDSI என்ற சர்வதேச அளவீட்டில் இலேசான தடிப்பு) கொடுக்கச் சொன்னார்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: சமையலறைச் சோளமா, மாச்சத்தால் ஆன தடிப்பாக்கும் தூள், சாந்தன் கம் என்ற பிசின் கலந்த தூள். முதல் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தபின் மூன்றாவதில் நின்றுவிட்டோம். சோளமா மலிவானது, ஆனால் காய்ச்ச வேண்டும், கட்டிபடும், ஆறும்போது இறுகும். மாச்சத்துத் தூளைக் காய்ச்சத் தேவையில்லை என்றாலும் பானம் கலங்கலாகி, மாவின் சுவை நாவில் தங்கும். சாந்தன் கம் தேநீரின் நிறத்தையும் சுவையையும் பெரிதாக மாற்றுவதில்லை. விலை கூடியது, ஆயினும் ஒரு கோப்பைக்கு அதில் குறைவான தூளே போதும்.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது விலையோ சுவையோ அல்ல, கலந்த தடிப்பு கலந்தபடியே நிற்கிறதா என்பதுதான். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்ற நொதி மாச்சத்தை உடைத்துவிடும். சாந்தன் கம்மை அதனால் உடைக்க முடியாது. வாயில் வைத்த கரண்டி மீண்டும் கோப்பைக்குள் போனாலே மாவால் தடித்த தேநீர் நீர்த்துப் போகத் தொடங்கும். தொடாமல் வைத்தாலோ அது நேரம் செல்லச் செல்ல மேலும் தடிக்கக்கூடும். அக்கா ஒரு கோப்பையை முடிக்க அரை மணி நேரம் எடுப்பார். முதல் மிடறுக்கும் கடைசி மிடறுக்கும் ஒரே தடிப்பு இல்லையென்றால், அளந்து கலந்ததற்குப் பயனில்லை.

இந்த நோயில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொண்டையைச் சுருக்கி உணவைக் கீழே தள்ளும் தசைகள் தளர்ந்திருப்பதால், விழுங்கிய பின்னும் கொஞ்சம் தொண்டையின் ஓரங்களில் தேங்கி நிற்கும். அவ்வாறு தேங்கிய மாக்கலவை உமிழ்நீரோடு சேர்ந்து நீர்த்து, பின்னர் மூச்சுக்குழாய்ப் பக்கம் வழுவக்கூடும் என்பதே எங்கள் அச்சமாக இருந்தது. தூளை மாற்றிய பின் அக்காவுக்குக் குடித்து முடித்துச் சற்று நேரம் கழித்து வரும் இருமல் குறைந்தது. அதற்குத் தூள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது; அதே வாரங்களில் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரோய்ட் மருந்தான பிரெட்னிசொலோனும் தசைகளுக்கு வலுவூட்டத் தொடங்கியிருந்தது.

தடிப்பைச் சரிபார்க்க எங்கள் வீட்டில் 10 மில்லிலீட்டர் சிரிஞ்ச் ஒன்று எப்போதும் மேசையில் இருக்கும். ஊசியில்லாத அதன் நுனியை விரலால் மூடிக்கொண்டு 10 மில்லிலீட்டர் கோடுவரை நிரப்பி, விரலை எடுத்து 10 வினாடிகள் ஒழுகவிட வேண்டும். 4 முதல் 8 மில்லிலீட்டர் வரை மிஞ்சினால் அது இரண்டாம் நிலை. எல்லா சிரிஞ்சும் இதற்கு உதவாது: பூச்சியத்திலிருந்து பத்துவரையான அளவுக்கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டராக இருக்க வேண்டும்.

சாந்தன் கம்மிலும் குறைகள் உண்டு. பாலிலும் ஊட்டச்சத்துப் பானங்களிலும் அது மெதுவாகவே தடிக்கும். அவசரப்பட்டு இன்னொரு கரண்டி போட்டால் சற்று நேரத்தில் கூழாகிவிடும். அளவுக்கு மீறித் தடித்தால் தொண்டைத் தேக்கமும் கூடும், நோயாளி குடிக்கும் நீரின் அளவும் குறையும். முதல் வாரத்தில் இந்தப் பிழையை நானே செய்தேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் கோப்பையைத் தள்ளி வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நான் அறிந்தது டெர்மட்டோமயோசைட்டிஸ் உள்ள ஒருவரின் தொண்டையை மட்டுமே. இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்ற இன்னொரு தசை அழற்சி நோயில் உணவுக்குழாயின் வாயிலிலுள்ள தசை சரியாகத் திறக்காதது பெரும் தடையாக இருக்கலாம். அத்தகையவருக்குத் தடித்த பானம் கீழே இறங்குவதே கடினமாகலாம். ஆகவே அவர்கள் எந்தத் தூளையும் வாங்குமுன், தடிப்பாக்கத்தான் வேண்டுமா என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்த சிகிச்சையாளரிடம் கேட்பது நல்லது.